வரப்பு தாண்டிச் செல்லும் வழி எது? டெல்டாவில் திருந்திய நெல் சாகுபடியைப் பரப்பும் முறைகள் குறித்து ஓர் ஒப்பீடு

காவிரி டெல்டாவில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ தொண்டு அமைப்போ ஒரு குறுவைப் பருவத்துக்குப் போதுமான நிதியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வட்டாரத்துச் சிறு விவசாயிகளிடையே, குறைந்த விதையும் நீரும் கொண்டு செய்யும் திருந்திய நெல் சாகுபடியைப் பரப்ப முனைகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலையோரத்தில் செயல்விளக்கத் திடல் அமைத்து ஒரு முன்னோடி விவசாயியை முன்னிறுத்தலாம். பருவம் முழுவதும் வாரந்தோறும் கூடும் வயல்வெளிப் பள்ளி நடத்தலாம். ஊர்க்காரர்களே பேசும் காணொலிகளை எடுத்துக் காட்டலாம். நடவு ஆட்களுக்கு நேரடியாகப் பயிற்சி தரலாம். இரண்டு மூன்று ஏக்கர் மட்டும் வைத்திருக்கும் சாதாரண விவசாயிகள் சிலரைத் தேர்ந்து, அவர்கள் வழியாக மற்றவர்களுக்குச் சொல்லச் செய்யலாம். இத்தகைய முடிவெடுக்கும் கூட்டங்கள் பெரும்பாலும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்வது என்ற தீர்மானத்தில் முடிகின்றன. அதில் ஒருவருக்கும் மனக்குறை இருக்காது என்றாலும், எந்த ஒன்றும் வேர்பிடிக்கும் அளவுக்கு நடக்காது. ஒன்றிரண்டைத் தேர்ந்து மற்றவற்றை விட்டுவிடத்தான் வேண்டும் என்பதால், எதை விடலாம் என்பதையும் சேர்த்தே இங்கே ஒப்பிட முயல்கிறேன்.

எவ்வழியில் பரப்புவது என்று கேட்பதற்கு முன், பரப்பப்போகும் முறை யாருடைய கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் மடகாஸ்கரில் ஆன்றி டி லோலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் விவசாயிகளோடு சேர்ந்து வகுத்த இந்த முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தது. பின்னர் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் விவசாயிகளின் வயல்களிலேயே சோதித்துப் பார்த்தது. ஏக்கருக்கு இருபது கிலோவுக்கு மேல் விதைத்துப் பழகிய இடத்தில் இரண்டு மூன்று கிலோ விதையைப் பாய் நாற்றங்காலில் விட்டு, பதினான்கு நாள் நாற்றைப் பிடுங்கி, குத்துக்கு ஒற்றை நாற்றாக, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். நீரைத் தேக்கி வைக்காமல், மண்ணில் மயிரிழை வெடிப்பு தோன்றும்போது இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் பாய்ச்ச வேண்டும். நட்ட பத்துப் பதினைந்து நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒரு முறை கோனோவீடர் என்னும் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட வேண்டும். இவற்றில் நாற்றங்கால் மட்டுமே நில உடைமையாளரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நடவு பெண் தொழிலாளர்களின் விரல்களில் இருக்கிறது. நீர், வாய்க்காலிலும் மேல்வயல்காரரின் மடையிலும் இருக்கிறது. களைக்கருவியோ அதைச் சேற்றில் தள்ளும் உடல்வலுவைப் பொறுத்தது. 'விவசாயி ஏற்றுக்கொண்டார்' என்று ஒற்றை வரியில் எழுதிவிடும் அறிக்கைகள் இந்தப் பங்கீட்டை மறைத்துவிடுகின்றன.

அண்டை வயல்காரரைப் பார்த்துக் கற்கிறார்கள் என்பது உண்மைதான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று பிரைஸ் ரையன், நீல் கிராஸ் ஆகிய இருவரும் 259 விவசாயிகளை விசாரித்து 1943இல் எழுதிய ஆய்வு, இத்துறையில் இன்றளவும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. விதையைப் பற்றிய செய்தியைப் பெரும்பாலும் விற்பனை முகவர்கள் கொண்டுவந்தார்கள். ஆனால் அதை நம்பி விதைக்கத் துணிவு தந்தவர்கள் அண்டை விவசாயிகள். முதலில் துணிந்தவர்கள்கூட நிலம் முழுவதிலும் விதைக்கவில்லை; ஒரு பகுதியில் போட்டுப் பார்த்து, ஆண்டுக்கு ஆண்டு பரப்பைக் கூட்டினார்கள். நம் ஊரில் உரக்கடைக்காரர் சொல்லும் மருந்து முதலில் காதில் விழுவதும், பக்கத்து வயல்காரர் அடித்தாரா என்று பார்த்த பிறகே தெளிப்பான் கையில் ஏறுவதும் இதே வழிதான். புகையான் பூச்சி வராத வயலிலும் அச்சத்தால் மருந்தடிக்கும் பழக்கம் இப்படித்தான் வரப்பு வரப்பாகப் பரவியது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அண்டையார் வழி பரவும் என்பதனாலேயே ஒன்று நல்ல முறையாகிவிடுவதில்லை.

ஆனால் மக்காச்சோள விதைக்கு நடந்தது நெல்லுக்கும் அப்படியே நடக்கும் என்று கொள்ள முடியாது. பசுமைப் புரட்சிக் காலத்தில் புதிய ரகங்கள் இந்தியாவில் பரவிய விதத்தை ஆராய்ந்த பொருளியலாளர் கைவன் முன்ஷி, கோதுமை விவசாயிகள் அண்டையாரின் முந்தைய அனுபவத்தைப் பெரிதும் பின்பற்றியதையும், நெல் விவசாயிகள் அவ்வளவாகப் பின்பற்றாமல் தங்கள் நிலத்திலேயே கூடுதலாகச் சோதித்துப் பார்த்ததையும் 2004இல் வெளியிட்டார். அக்கால நெல் ரகங்களின் விளைச்சல் மண், நீர், பராமரிப்பு ஆகியவற்றின் சிறு வேறுபாட்டுக்கே மாறக்கூடியதாக இருந்ததால், அடுத்தவர் வயலில் கண்டது தன் வயலுக்குப் பொருந்துமா என்று நெல்காரரால் முடிவுகட்ட இயலவில்லை. டெல்டாவில் இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரே வாய்க்காலில் தலைமடையும் கடைமடையும் இரு வேறு உலகங்கள். நெல்லுக்காகத் தீட்டும் எந்தத் திட்டமும், பார்ப்பவருக்குத் தன் நிலைமையோடு ஒத்துப்போகும் வயலைக் காட்டினால்தான் பயன்படும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், முன்னோடி விவசாயி என்ற வழி எனக்கு நம்பிக்கை தரவில்லை. 1970களின் நடுப்பகுதியிலிருந்து உலக வங்கியின் துணையோடு இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பயிற்சி மற்றும் பார்வை முறை இந்த நம்பிக்கையின் மீதே கட்டப்பட்டது. அரசின் வேளாண் விரிவாக்கப் பணியாளர் குறித்த நாளில் தொடர்பு விவசாயிகளைச் சந்திப்பார். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள் என்பது ஏற்பாடு. தேர்வானவர்கள் பெரும்பாலும் சாலையோரத்தில் நிலமும், ஆழ்துளைக் கிணறும், அதிகாரிகளோடு பழக்கமும் உள்ளவர்களாக இருந்தார்கள். அவர் வயலில் மகசூல் கூடினால், 'அவருக்குத் தண்ணீர் இருக்கிறது, செய்தார்' என்பதற்கு மேல் கடைமடைக் குத்தகைக்காரருக்கு அதில் பாடம் இல்லை. மானியத்தில் நாற்றும் கருவியும் பெற்று அமைத்த திடல் என்றால், மானியத்தைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கும் அங்கே விடை கிடைக்காது. இந்த வழியின் உண்மையான பலம் ஒன்று உண்டு: முறை வேலை செய்கிறது என்பதை ஒரு பருவத்தில், குறைந்த செலவில், கண்ணுக்குத் தெரியக் காட்டிவிடும். முறையைக் கேள்வியே படாத வட்டாரத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம். டெல்டாவில் திருந்திய நெல் சாகுபடியைக் கேள்விப்படாதவர் அரிது என்பதால், அந்தப் பலம் இங்கே அதிகம் உதவாது.

வயல்வெளிப் பள்ளியின் கதை வேறு. 1986இல் நெல்லுக்குப் பயன்பட்ட 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்த இந்தோனேசியாவில், புகையானைக் கட்டுப்படுத்தும் அறிவை விவசாயிகளிடமே வளர்க்க 1989இல் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு இவை தொடங்கின. சுமார் 25 பேர் வாரம் ஒருமுறை வயலில் கூடி, தூர்களை எண்ணி, நன்மை செய்யும் பூச்சியையும் தீமை செய்யும் பூச்சியையும் பிரித்துப் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று தாங்களே முடிவெடுப்பார்கள். கற்றவருக்கு இதைவிட ஆழமான கல்வி கிடையாது என்றே கருதுகிறேன். ஆனால் இந்தோனேசியப் பள்ளிகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே பெற்ற அறிவு கலந்துகொள்ளாத அண்டையாருக்குக் குறிப்பிடத்தக்க அளவில் சென்று சேரவில்லை என்று கண்டது. வாரந்தோறும் பார்த்துப் பார்த்து உருவாகும் தீர்ப்பை மாலையில் வரப்பில் நின்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட முடியாது என்பதால், இந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை. பரவ வேண்டும் என்பதே நோக்கமானால், தலைக்கு ஆகும் செலவைப் பார்க்கையில், பள்ளியைப் பூச்சி மேலாண்மை போன்ற பொருளுக்கு ஒதுக்கி வைப்பதே சரி.

காணொலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெங்களூரு மையத்தில் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் முயற்சி, அந்தந்தப் பகுதி விவசாயிகளையே படம்பிடித்து, சிறு குழுவாகக் கூட்டிக் காட்டி, நடுநடுவே நிறுத்தி ஒருவர் பேசுவது என்ற முறையை வளர்த்தது. அதில் வேலை செய்வது திரை மட்டுமல்ல. கூட்டி வைத்துப் பேசும் அந்த ஆளும், திரையில் தெரியும் நம்மூர் முகமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வந்துவிட்டால், நடவுக்குக் கோடு போடும் மார்க்கரை எப்படி இழுப்பது என்பது புரியும். இழுக்கும் துணிவு வராது. துணைக்கருவியாக வைத்துக்கொள்ளலாம், தனி வழியாக வேண்டாம்.

அதிகம் பேசப்படாததும், என் கணிப்பில் முதல் பணத்தைப் பெற வேண்டியதும், நடவு ஆட்களுக்கான பயிற்சி. டெல்டாவில் நடவு பெரும்பாலும் ஏக்கர் கணக்கில் பேசி எடுக்கும் பெண்கள் குழுக்களால் நடக்கிறது. அவர்களுக்குப் பதினான்கு நாள் நாற்றை வேர் அறுபடாமல் எடுத்து, கோடு பார்த்து, ஒற்றையாக, மேலாக வைப்பது முதல் சில நாட்களுக்குக் கட்டாயம் வேகத்தைக் குறைக்கும். பேசிய தொகை மாறாமல் வேகம் குறைந்தால் நாள்கூலி குறைகிறது என்பதே அதன் பொருள். அவர்கள் முகம் சுளிப்பதைப் 'பழமையில் ஊறியவர்கள்' என்று எழுதுவது அநீதி; தங்கள் உழைப்பின் கணக்கை அவர்கள் சரியாகத்தான் போடுகிறார்கள். விவசாயி மனம் மாறிய பிறகும், நடவன்று ஆட்கள் மறுத்ததால் பழையபடியே நட்டு முடிந்த வயல்கள் எத்தனையோ. ஒரு குழு கைபழகிவிட்டால், அதே குழு ஒரு பருவத்தில் பல விவசாயிகளின் வயல்களில் இறங்குகிறது. ஒரு விவசாயிக்கு அளிக்கும் பயிற்சி ஒரு வயலோடு நிற்கலாம், ஒரு குழுவுக்கு அளிக்கும் பயிற்சி நிற்பதில்லை. இயந்திர நடவும் அறுவடை இயந்திரமும் டெல்டாவில் எப்படிப் பரவின என்று பார்த்தாலே இது விளங்கும். யாரும் பள்ளி நடத்தவில்லை. வேலையைச் செய்துதருபவர்கள் வந்தார்கள், வாடகை கொடுத்தவர்கள் பயன்பெற்றார்கள். இயந்திர நடவு இளநாற்றையும் அகன்ற வரிசையையும் அறிவுரை எதுவும் இன்றியே பழக்கிவிட்டது. கூலிப் பெண்களுக்கும் அதே நிலையைத் தருவதென்றால், கற்கும் நாட்களுக்குக் குறையும் கூலியை நிறுவனமே ஈடுசெய்ய வேண்டும். கைபழகிய குழுவுக்கு ஏக்கருக்குக் கூடுதல் தொகை பேசித் தர வேண்டும். இதற்கு ஆகும் பணம் ஒரு செயல்விளக்கத் திடலின் விழாச் செலவைவிடப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

எனினும் குழு தயாராக இருந்தால் மட்டும் போதாது; குழுவை அழைக்கும் முடிவை விவசாயிதான் எடுக்க வேண்டும். அங்கே ஐந்தாவது வழி, அதாவது சாதாரண விவசாயிகள் வழியாகச் சொல்லுதல், தேவைப்படுகிறது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் குழி நடவையும் தொழுவுரத் தயாரிப்பையும் பரப்ப நடந்த சோதனைகள் இந்த வழியைப் பற்றி மிகத் தெளிவான செய்திகளைத் தருகின்றன. ஏரியல் பென்யிஷாய், முஷ்ஃபிக் மொபாரக் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அரசு விரிவாக்கப் பணியாளரையும் முன்னோடி விவசாயியையும் விட, மற்றவர்களைப் போலவே நிலமும் வசதியும் கொண்ட சாதாரண விவசாயிகளே அண்டையாரை அதிகம் மாற்றினார்கள். ஆனால் ஒரு நிபந்தனையோடு: அவர்கள் முயற்சிக்குச் சிறு பரிசு அறிவித்த ஊர்களில்தான் இது நடந்தது, பரிசில்லாத ஊர்களில் அவர்கள் பெரிதாக எதையும் செய்யவில்லை. பிறருக்குக் கற்பிப்பது நேரம் பிடிக்கும் வேலை. அந்த வேலையை நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடுவது, நம் திட்டங்களில் வழக்கமாகிப்போன ஒரு குறை.

அதே நாட்டில் 200 ஊர்களில் நடந்த இன்னொரு சோதனை, யாரைத் தேர்வது என்பதோடு எத்தனை பேரை, எப்படி இணைத்துத் தேர்வது என்பதையும் கேட்டது. பழக்கமில்லாத ஒரு முறையை ஒருவர் சொல்லக் கேட்டு மட்டும் பலர் இறங்குவதில்லை. தமக்குத் தெரிந்த இருவர் செய்ததைக் கண்ட பிறகே இறங்குகிறார்கள் என்பது அதன் அடிப்படைக் கருத்து. ஆகவே ஊரின் இரு மூலைகளில் ஒவ்வொருவர் என்று பரப்பி வைப்பதைவிட, பொதுவான நண்பர்கள் உள்ள இருவரைச் சேர்த்துத் தேர்வது பலன் தந்தது. ஊருக்கு ஒருவர், எல்லா ஊருக்கும் என்று சமமாகப் பங்கிட்டுத் தரும் நம் வழக்கத்துக்கு இது நேர் எதிரானது; சில ஊர்களை இந்தப் பருவத்தில் விட்டுவிட்டு, எடுத்த ஊரில் இருவர் மூவரை அடர்த்தியாக வைக்கும் துணிவு வேண்டும். மறுபுறம், அடர்த்திக்கும் ஓர் எல்லை இருக்கிறது. மொசாம்பிக்கில் சூரியகாந்தி பரவியதை ஆராய்ந்த பாண்டியேரா, ரசூல் ஆகியோர், தெரிந்தவர்களில் சிலர் பயிரிட்டபோது ஒருவர் பயிரிடும் வாய்ப்பு கூடியதையும், பலர் பயிரிட்டபோது 'அவர்கள் செய்து பார்க்கட்டும், பிறகு பார்ப்போம்' என்று அந்த வாய்ப்பு குறைந்ததையும் கண்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வயலால் அண்டையார் என்பதும் பேச்சால் அண்டையார் என்பதும் டெல்டாவில் ஒன்றல்ல. ஒருவரின் நிலம் மூன்று இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கலாம். வரப்பைப் பகிர்ந்துகொள்பவர் வேறு தெருவில், வேறு சாதியில், தேநீர்க் கடையில் ஒன்றாக உட்காராதவராக இருக்கலாம். குத்தகைக்கு உழுபவர் நில ஆவணம் இல்லாததால் எந்தப் பயனாளிப் பட்டியலிலும் வராமல் போகலாம். வரைபடத்தில் வட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தால், வயல்கள் அருகருகே அமையும், செய்தி அமையாது. ஆள் தேர்வுக்கு முன் ஒவ்வொரு தெருவிலும், 'நாற்று மஞ்சளடித்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?' என்று கேட்டுப் பெயர்களை எழுதிக்கொள்வது ஓரிரு நாள் வேலைதான். அதைத் தவிர்க்கக் காரணமே இல்லை.

நீர் நிர்வாகத்தைப் பொறுத்தவரை, மேலே சொன்ன எந்த வழியும் தனியாகப் போதாது. வயல்விட்டு வயல் பாயும் இடத்தில் ஒருவர் மட்டும் காயவிட்டுப் பாய்ச்ச முடியாது. ஆழ்துளைக் கிணறு உள்ளவருக்கோ, விவசாய மின்சாரம் கட்டணமின்றிக் கிடைப்பதால், நீரை மிச்சப்படுத்தியதன் பலன் பணமாகத் தெரிவதில்லை. பலன் தெரியாத ஒன்றை அண்டையார் பார்த்துக் கற்கமாட்டார். எனவே முதல் பருவத்தில் இதை வற்புறுத்தாமல், ஒரே மடையின் கீழ் உள்ளவர்கள் அனைவரும் உடன்படும் இடத்தில் மட்டும் எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், என் பரிந்துரை இதுதான்: மேட்டூரில் நீர் திறப்பதற்கு முன்பே இரண்டு மூன்று நடவுக் குழுக்களுக்கு ஈட்டுக் கூலியோடு பயிற்சி, அந்தக் குழுக்கள் வழக்கமாக இறங்கும் ஊர்களில் மட்டும், ஊருக்கு இருவர் மூவராக, ஒருவரையொருவர் அறிந்த சிறு விவசாயிகள், அவர்கள் நிலம் முழுவதையும் கேட்காமல் ஒரு மா (ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) அளவு, மற்றவர்களுக்குக் கற்பித்ததற்குச் சிறு ஊதியம். முன்னோடித் திடலும் பள்ளியும் இந்தப் பருவத்துக்கு வேண்டாம். பலனை அளக்கும்போது முதல் ஆண்டின் பரப்பைக் கணக்கில் கொள்ளக் கூடாது. இந்த முறை பிறந்த மடகாஸ்கரிலேயே, முயன்று பார்த்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பின்னர் கைவிட்டதாக மோசரும் பாரெட்டும் 2003இல் எழுதினார்கள். பஞ்சமாதத்தில் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற குடும்பங்களால் தங்கள் வயலில் கூடுதல் உழைப்பைப் போட முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம். இந்தியாவில் 13 மாநிலங்களில் நடந்து 2013இல் வெளியான கணக்கெடுப்போ, நான்கு அடிப்படைக் கூறுகளையும் கடைப்பிடித்தவர்கள் 20 விழுக்காட்டினர் மட்டுமே என்றும், 41 விழுக்காட்டினர் ஒரே ஒரு கூற்றை எடுத்துக்கொண்டார்கள் என்றும் காட்டியது. இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. விதையைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, களைக்கருவியைத் தவிர்த்த விவசாயியும் தன் நிலைமைக்கு ஏற்றதைத் தேர்ந்தவரே. மூன்றாம் குறுவையில், மானியமும் கண்காணிப்பும் இல்லாமல், எந்தக் கூறு எத்தனை வயலில் எஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே பொருளுள்ள அளவீடு.

இந்தப் பரிந்துரை குறுவைக்கு மட்டுமே பொருந்தும். வடகிழக்குப் பருவமழையில் மூழ்கும் நாகப்பட்டினம், திருவாரூர்க் கடைமடைத் தாழ்நிலங்களில் சம்பாவுக்கு இளம் ஒற்றை நாற்றை நடச் சொல்வது விவசாயியை ஆபத்தில் தள்ளுவதாகும். அங்கே பரப்ப வேண்டியது மழைநீரில் சில நாள் மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகமோ, தாழ்நிலத்துக்கேற்ற பாரம்பரிய ரகமோதான். விதையைப் பரப்புவதற்கு நடவுக் குழுப் பயிற்சியும் வேண்டாம், கற்பிப்பவருக்கு ஊதியமும் வேண்டாம். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களில் இரண்டு கிலோ விதையைக் கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்ன ஏற்பாடு, பாரம்பரிய ரகங்களை மாவட்டம் தாண்டிக் கொண்டுசென்றது. தாழ்நிலக் கடைமடையில் இயங்கும் நிறுவனம் தன் நிதியை அந்த வழியில் போடுவதே தக்கது.